குளிர்காலத்தில் வீட்டு நீச்சல் குளம்

வட இந்தியச் சமவெளிகளில் ஐப்பசி கழிந்து கார்த்திகை பிறக்கும்போது நீச்சல் குளங்களின் பருவம் முடிவடைகிறது. தில்லி, சண்டீகர், டேராடூன் முதலிய நகரங்களின் புறத்தே அமைந்த பண்ணை வீடுகளிலும், விடுதிகளிலும், சில பள்ளிகளிலும் உள்ள குளங்களில் அதன்பின் பங்குனி வரை எவரும் இறங்குவதில்லை. பம்பு நிறுத்தப்படுகிறது; குளத்தைப் பராமரித்து வந்த ஆள் தோட்ட வேலைக்கு மாற்றப்படுகிறார்; சாவி எங்கோ ஓர் ஆணியில் தொங்குகிறது. பயன்படாத குளத்திற்குப் பராமரிப்பு எதற்கு என்பது பலருடைய எண்ணம். ஆனால் குளத்தின் சுவர் வெடிப்பதும், குழாய்கள் பிளப்பதும், கொசு பெருகுவதும், விளையாடும் குழந்தை தவறி விழுவதும் பெரும்பாலும் யாரும் கவனியாத இந்த ஐந்து மாதங்களில்தான். வீட்டுக் குளம் செல்வர்களின் உடைமையாக இருக்கலாம். அதனால் விளையும் தீங்கோ மதிலுக்கு அப்பால் உள்ள குடியிருப்பையும் சென்று சேரும். ஆகவே சுகாதாரப் பணியாளரும் ஆசிரியரும் இப்பொருள் பற்றி ஓரளவேனும் அறிந்திருத்தல் நலம்.

முதலில் எழும் வினா, குளத்து நீரை வடித்துவிடுவதா, அல்லது அப்படியே வைத்துக் காப்பதா என்பதாகும். இதற்கு விடை காணுமுன் நீரின் அளவை நினைவிற் கொள்ள வேண்டும். 8 மீட்டர் நீளமும், 4 மீட்டர் அகலமும், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழமும் உடைய ஒரு நடுத்தரக் குளம் 48 கன மீட்டர், அதாவது 48,000 லிட்டர் நீர் கொள்ளும். நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுவது வழக்கம். அக்கணக்கின்படி அந்தக் குளத்து நீர் ஒருவருக்கு ஏறக்குறைய ஓராண்டுத் தேவையாகும். இதனை ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் சாக்கடையில் விட்டு, ஒவ்வொரு வசந்தத்திலும் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து மீண்டும் இறைப்பது, நிலத்தடி நீர் ஆண்டுதோறும் இறங்கிவரும் ஒரு பிரதேசத்தில் நியாயமான செயல் ஆகாது. நீரைச் சிக்கனம் செய்வது ஒருபுறம் இருக்க, குளத்தின் கட்டுக்கோப்பே நீர் உள்ளே இருப்பதை நம்பி நிற்கிறது என்பது பலரும் அறியாத செய்தி.

வெற்றுக் குளமும் படகும்

நீர் நிறைந்த குளத்தில் உள்ளிருந்து நீரும் வெளியிலிருந்து மண்ணும் சுவரை இருபுறமும் தாங்கி நிற்கின்றன. நீரை அகற்றினால் ஒருபுறத்துத் தாங்கல் இல்லாது போகிறது. அது மட்டுமன்று. குளத்தைச் சூழ்ந்த மண்ணில் நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்திருந்தால், காலியான குளம் ஆற்றில் விட்ட படகின் நிலையை அடைகிறது. ஆர்க்கிமிடீஸ் கண்ட விதி படகுக்கும் சிமெண்டுத் தொட்டிக்கும் ஒன்றேதான்.

இதனைக் கணக்கிட்டே பார்க்கலாம். மேலே கூறிய குளத்தின் தளப்பரப்பு 32 சதுர மீட்டர். வெளிப்புற நிலத்தடி நீர் தளத்தின் அடிப்புறத்தைவிட 1 மீட்டர் உயரத்தில் நிற்பதாகக் கொண்டால், தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 1 டன் எடைக்குச் சமமான விசை மேல்நோக்கித் தள்ளும். மொத்தம் 32 டன். தளமும் சுவரும் 15 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட்டால் ஆனவை என்றால், தளத்தின் எடை சுமார் 11½ டன், நான்கு சுவர்களின் எடை சுமார் 13 டன். கூட்டினால் 24½ டன்தான். மண்ணின் பிடிப்பு ஓரளவு உதவும் என்பது உண்மையே. எனினும் 32 டன் விசையை 24½ டன் எடை எதிர்த்து நிற்கும் நிலையில், குளம் பெயர்ந்து மேலெழுவதோ, தளம் நடுவில் உப்பி வெடிப்பதோ வியப்பன்று. பல குளங்களின் அடித்தளத்தில், வெளிநீரை உள்ளே விட்டு அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்று வைத்திருப்பார்கள். பல ஆண்டுகள் தொடாத வால்வு வேண்டிய நாளில் திறவாது போவதும் உண்டு.

யமுனைக் கரையின் தாழ்நிலங்களிலும், இமயமலை அடிவாரத்துத் தராய் நிலங்களிலும், காசுமீரப் பள்ளத்தாக்கிலும் நிலத்தடி நீர் மேல்மட்டத்தில் இருப்பதால் இந்த ஆபத்து மெய்யானது. தெற்குத் தில்லியின் பாறைப் பாங்கான பகுதிகளில் நீர்மட்டம் மிகவும் ஆழத்தில் கிடக்கிறது. அங்கே குளம் மிதக்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் அங்கும் காலியான குளத்தில் பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறித் தாக்க, ஓடுகள் பிடிப்பு விட்டுக் கழலுகின்றன. பூச்சு உலர்ந்து மயிரிழை வெடிப்புகள் தோன்றுகின்றன. எவ்வகையாலும் நீரை வடிப்பதால் இலாபம் இல்லை. பழுது பார்த்தாலன்றி வடித்தல் ஆகாது என்பதே பொறியியலாளர் பொதுவாகக் கூறும் முடிவு.

உறைபனி உள்ள இடங்களில்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட மாநிலங்களிலும் கனடாவிலும் வீட்டு நீச்சல் குளம் சர்வ சாதாரணம். அங்கே இலையுதிர் காலத்தில் ‘குளத்தை மூடுதல்’ என்பது ஒரு வருடாந்தரச் சடங்கு போலவே நடைபெறுகிறது. இந்தியாவில் அத்தகைய குளிர் மலை நாடுகளுக்கே உரியது. தில்லி சப்தர்ஜங் நிலையத்தில் பதிவான மிகத் தாழ்ந்த உஷ்ணநிலை, 1935ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கண்ட சுழிக்குக் கீழ் 0.6 டிகிரி சென்டிகிரேடு. எனவே அங்குக் குளம் உறைவது என்ற பேச்சுக்கே இடமில்லை. காசுமீரத்தில் டிசம்பர் 21ஆம் நாள் தொடங்கி நாற்பது நாட்கள் நீடிக்கும் ‘சில்லாய் கலான்’ என்னும் கடுங்குளிர்க் காலத்தில் குழாய்நீர் உறைவது அன்றாட நிகழ்ச்சி. கடுமையான ஆண்டுகளில் தால் ஏரியின் மேற்பரப்பே உறைவதுண்டு. அங்கு வீட்டு நீச்சல் குளம் அரிது. ஆனால் மேல்நிலைத் தொட்டி, வீட்டுக் குழாய், நீர்மானி ஆகிய அனைத்துக்கும் கீழே கூறப்படும் விதிகள் அப்படியே பொருந்தும் ஆதலால், மலைப் பிரதேசங்களில் பணிபுரிவோர் இவற்றை அறிதல் பயனுடையது.

நீர் குளிரக் குளிரச் சுருங்கிக் கனமாகிக் கீழே இறங்குகிறது. ஆனால் 4 டிகிரிக்குச் சற்றுக் குறைவான உஷ்ணநிலையை அடைந்தபின் இந்த இயல்பு தலைகீழாக மாறுகிறது. அதனினும் குளிர்ந்தால் நீர் விரிந்து இலேசாகி மேலே தங்குகிறது, அங்கேயே உறைகிறது. ஆகவே பனிக்கட்டி மேலும், 4 டிகிரி நீர் அடியிலுமாக இருக்கும். 1805ஆம் ஆண்டில் எடின்பரோவில் தாமஸ் சார்லஸ் ஹோப் என்பவர் செய்து காட்டிய சோதனையைப் பள்ளியில் எளிதாகச் செய்யலாம். உயரமான கண்ணாடி ஜாடியில் நீர் நிரப்பி, அதன் நடுப்பகுதியைச் சுற்றிப் பனிக்கட்டியும் உப்பும் கலந்த கலவையை வைத்து, மேலும் கீழும் ஒவ்வொரு வெப்பமானியைப் பொருத்த வேண்டும். முதலில் கீழ் வெப்பமானி மட்டும் இறங்கி 4 டிகிரியில் நின்றுவிடும். அதன்பின்னரே மேலுள்ளது இறங்கத் தொடங்கிச் சுழியை எட்டும். குளத்தின் ஆழத்தில் மீன் பிழைத்திருப்பதன் காரணத்தை மாணவர் கண்ணாரக் காண இதைவிட நல்ல சோதனை இல்லை.

உறையும்போது நீரின் பருமன் ஏறக்குறைய 9 விழுக்காடு கூடுகிறது. இடம் கொடாமல் அடைத்து வைத்தால் அது உண்டாக்கும் அழுத்தம் அச்சந்தரத் தக்கது. சுழிக்குக் கீழ் 5 டிகிரியில் நீரை உறையவிடாமல் தடுத்து நிறுத்த ஏறத்தாழ 600 வளிமண்டல அழுத்தம் தேவைப்படும்; எந்த வீட்டுக் குழாயும் அதைத் தாங்காது.

எனினும் குளம் முழுவதும் உறைவதில்லை. ஒரு கிலோகிராம் நீரை 1 டிகிரி குளிர்விக்க 1 கிலோகலோரி அகற்றினால் போதும். சுழியில் உள்ள அதே நீரைப் பனிக்கட்டியாக்க 80 கிலோகலோரி அகற்ற வேண்டும். பனிக்கட்டி தோன்றியபின் அதுவே கம்பளி போல் நீரைப் போர்த்துக் காக்கிறது. இதன் கனம் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே வளரும் என்று ஆஸ்திரிய நாட்டுப் பௌதிக அறிஞர் ஜோசப் ஸ்டெபான் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காட்டினார். அதாவது ஒரு நாளில் தோன்றும் கனம் இருமடங்காக நான்கு நாட்கள் வேண்டும். மும்மடங்காக ஒன்பது நாட்கள் வேண்டும். எனவே ஒன்றரை மீட்டர் ஆழக் குளம் அடிவரை உறைய வாய்ப்பில்லை. குழாயின் நிலை வேறு. 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் மீட்டருக்கு 2 லிட்டர் நீரே கொள்ளும். அது பூமிக்கு மேலே கிடந்தால் ஒரே இரவில் உறைந்துவிடும். ஆகவே உறைபனிப் பிரதேசத்தில் காக்கப்பட வேண்டியது குளத்தைக் காட்டிலும் குழாயும், பம்பும், வடிகட்டியுமேயாகும். குழாய் வெடிக்கும் இடமும் பனிக்கட்டி உள்ள இடமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஓரிடத்தில் தோன்றிய பனிக்கட்டி அடைப்பானைப் போல் வளர்ந்து, மூடிய வால்வுக்கும் தனக்கும் இடையே சிக்கிய நீரை நெருக்க, அந்நீர் பலவீனமான இணைப்பைப் பிளந்து வெளிவருகிறது. மலைநகரங்களில் இரவில் குழாயைச் சிறிது சொட்டவிட்டு வைக்கும் வழக்கத்தின் தத்துவம் இதுதான். சொட்டும் குழாயில் அழுத்தம் தேங்குவதில்லை.

குளத்தை மூடும் முறை இதனின்று தானே விளங்கும். நீர்மட்டத்தை, மேல்வாய்க் கூடைக்கும் நீர் திரும்பும் துளைகளுக்கும் கீழே வரும்படி சற்றே தாழ்த்துவர். குழாய்களில் எஞ்சிய நீரைக் காற்றடித்து வெளியேற்றி, வாய்களை ரப்பர் அடைப்பானால் மூடுவர். பம்பு, வடிகட்டி இவற்றின் அடித்திருகுகளைக் கழற்றி முற்றிலும் வடியவிடுவர். வடிக்க இயலாத வளைவுகளில் உறைதடுப்புத் திரவம் ஊற்றுவதானால் அது புரொப்பிலீன் கிளைக்கால் ஆக இருத்தல் வேண்டும். மோட்டார் வண்டியின் ரேடியேட்டருக்கு விற்கப்படும் எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள கொடிய நஞ்சு. நாயும் குழந்தையும் அதைச் சுவைக்கக் கூடும். நீர்ப்பரப்பில் மரக்கட்டைகளை மிதக்கவிடுவது பழைய வழக்கம். பனிக்கட்டி விரியும்போது சுவரை நெருக்குவதற்கு மாறாகக் கட்டையை நெருக்கி மேலே தள்ளுகிறது. உறைந்த பரப்பைச் சம்மட்டியால் உடைப்பது மட்டும் கூடாது. அந்த அதிர்ச்சி நேரே சுவரைச் சென்று தாக்கும்.

சமவெளியில் நீரைக் காத்தல்

சமவெளியின் சிக்கல் உறைபனி அன்று. தேங்கிய நீரின் சீர்கேடு. இங்கே குளிர்காலம் உரிமையாளருக்குச் சாதகமாகவே அமைகிறது. தண்மையான நீரில் பாசி மெல்ல வளர்கிறது; சாய்ந்த வெயிலில் குளோரின் நெடுநேரம் நிலைக்கிறது. கோடை நண்பகலில், நிலைநிறுத்தும் மருந்து சேர்க்காத குளத்தில் குளோரினின் பாதி ஒரு மணி நேரத்துக்குள் அழிந்துவிடும். மூடுபனி படர்ந்த ஜனவரியில் அந்தச் சேதம் மிகவும் குறைவு. ஆகவே கோடையில் நாள்தோறும் செய்யும் பணியைக் குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை அல்லது இருமுறை செய்தால் போதும். பம்பை நாளொன்றுக்கு ஓரிரு மணி நேரம் ஓட்டினாலே நீர் தேங்காது. அடியோடு நிறுத்திவிடுவதுதான் தவறு.

பிளீச்சிங் பவுடர் எனப்படும் சலவைத்தூள் புதிதாக இருக்கும்போது அதில் நூற்றுக்கு 33 பங்கு அளவில் பயன்படும் குளோரின் உண்டு. லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் தேவை எனின், 48,000 லிட்டர் நீருக்கு 48 கிராம் குளோரின், அதாவது சுமார் 145 கிராம் தூள் வேண்டும். மூட்டை திறந்து கிடந்து தூளின் வலிமை 25 பங்காகக் குறைந்திருந்தால் 192 கிராம் வேண்டியிருக்கும். இந்த வேறுபாட்டைப் பலர் கருதுவதில்லை. ஈரம் புகுந்த பழைய தூளைப் போட்டுவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று குறை கூறுவர். தூளை வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு படியும் வரை வைத்து, தெளிந்த நீரை மட்டும் மாலை வேளையில் குளத்தில் பரவலாக ஊற்றுதல் முறை. எஞ்சிய குளோரினை அறிய ஆர்த்தோடோலிடின் திரவத்தைப் பயன்படுத்தினால் மஞ்சள் நிறமும், டி.பி.டி. மாத்திரையைப் பயன்படுத்தினால் இளஞ்சிவப்பும் தோன்றும். மாத்திரை முறையே இப்போது சிறந்ததாகக் கொள்ளப்படுகிறது.

குளோரினின் ஆற்றல் நீரின் அமில காரத் தன்மையைப் பொறுத்தது. குளோரின் நீரில் ஹைப்போகுளோரஸ் அமிலமாகவும் அதன் அயனியாகவும் பிரிந்து நிற்கிறது. கிருமியைக் கொல்லும் வேகம் முன்னதற்கே உரியது. பி.எச். அளவு 7.5 ஆக இருக்கும்போது இரண்டும் ஏறக்குறையச் சமம். 7.2 ஆனால் அமிலம் மூன்றில் இரு பங்கு. 8 ஆனாலோ நான்கில் ஒரு பங்குதான். சலவைத்தூள் காரத் தன்மை உடையது ஆகையால், அதையே தொடர்ந்து இட்டுவந்தால் பி.எச். ஏறிக்கொண்டே போகும், மருந்தின் செலவு கூடும், பலன் குறையும். 7.2க்கும் 7.8க்கும் இடையே நிறுத்துவது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டுதல்.

குளிர்ந்த நீருக்கு மற்றொரு குணமும் உண்டு. சர்க்கரையும் உப்பும் சூடான நீரில் அதிகம் கரையும் என்பதைக் குழந்தையும் அறியும். சுண்ணக் கார்பனேட்டு இதற்கு நேர்மாறானது. நீர் குளிரும்போதே அது கூடுதலாகக் கரைகிறது. இந்தச் சமநிலையைக் கணக்கிடும் முறையை 1936ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாங்கலியர் என்பவர் வகுத்தார். மலைப் பிரதேசத்து மென்னீரும் மழைநீரும் நிறைந்த குளத்தில், குளிர்காலத்தில் நீரே ஓட்டிடைச் சிமெண்டை அரித்துத் தின்னும். தில்லியைச் சுற்றியுள்ள ஆழ்குழாய் நீர் பெரும்பாலும் கடினநீர். அங்கே அரிப்பைவிடப் படிவமே தொல்லை தரும்.

கலங்கிய நீரைப் படிகாரம் இட்டுத் தெளியவைக்கலாம். குளிரில் துகள் திரண்டு படிய அதிக நேரம் ஆகும் ஆதலின் இரவு முழுவதும் பம்பை நிறுத்திவைத்தல் வேண்டும். பாசிக்கு மயில்துத்தம் இடுவது பழைய வழக்கம். அது மிகுந்தால் சுவரில் கறை படியும், மீன் மடியும். இலைகளை வலையால் அள்ளி எடுப்பது இவை எல்லாவற்றினும் மலிவான மருந்து. அழுகும் இலை குளோரினைத் தின்கிறது, பாசிக்கு உணவாகிறது, கொசுப் புழுவுக்கு நிழலும் தருகிறது.

பச்சைக் குளமும் கொசுவும்

2007ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துப் பேக்கர்ஸ்பீல்டு நகரில் நிகழ்ந்ததைச் சுகாதாரப் பணியாளர் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். அவ்வாண்டில் வீட்டுக் கடன் நெருக்கடியால் பல குடும்பங்கள் தவணை செலுத்த இயலாமல் வீட்டை விட்டு வெளியேறின. கைவிடப்பட்ட வீடுகளின் நீச்சல் குளங்கள் பச்சை நிறமாயின. விண்ணிலிருந்து எடுத்த படங்களில் அவை தெளிவாகத் தெரிந்தன. அந்தக் கோடையில் மேற்கு நைல் காய்ச்சலால் பீடிக்கப்பட்டோரின் எண்ணிக்கை அங்கு முந்திய ஆண்டைவிட 276 விழுக்காடு பெருகியது. கைவிடப்பட்ட குளங்களே முக்கியக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர் 2008ஆம் ஆண்டில் வெளியிட்டனர். செல்வச் செழிப்பின் அடையாளமான ஒரு குளம், ஓராண்டுப் புறக்கணிப்பில் ஊருக்கே நோய்க்களமாயிற்று.

தில்லியில் குளிர் முற்றிய டிசம்பர், ஜனவரியில் கொசுவின் வளர்ச்சி மந்தமாகிவிடும். கோடையில் ஏழெட்டு நாட்களில் முட்டையிலிருந்து கொசுவாகும் இனம், குளிரில் பல வாரங்கள் எடுத்துக்கொள்கிறது. இதனால் தோன்றும் நிம்மதி பொய்யானது. மாசி மாதத்தில் வெயில் ஏறத் தொடங்கியதும், எவரும் குளத்தைத் திறந்து பாராத அந்த இடைவேளையில், கியூலக்ஸ் கொசு திரளாகப் பெருகுகிறது. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சை என்னும் நகரக் கொசு, தெளிந்த நீரையே விரும்பும். ஆதலால் பச்சைக் குளம் மட்டுமே ஆபத்து, தெளிந்த குளம் பாதுகாப்பானது என்று கருதுவதும் சரியன்று. எஞ்சிய குளோரின் உள்ளதா என்பதே கேள்வி.

அனைத்தினும் கேடானது அரைகுறையாக வடித்த குளம். ஆழமான மூலையில் ஒரு சாண் நீர் நிற்க, அதில் இலை ஊறிக் கிடக்கும் நிலை கொசுவுக்கு நிறைந்த குளத்தைவிடப் பன்மடங்கு உகந்தது. ஆழம் குறைந்த நீர் விரைவில் வெதுவெதுப்பாகும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகள் உலர்ந்த சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருந்து, நீர் மேலேறியதும் பொரிக்கும். குளத்தை வடிக்கும் உரிமையாளர் பம்பு உறிஞ்சாத கடைசி நீரைத் துடைத்து எடுக்காவிட்டால், வடிக்காமலே இருந்திருக்கலாம்.

களப்பணியாளர் குளத்தைச் சோதிக்கும்போது நடுவே பார்த்துத் திரும்புதல் போதாது. நீண்ட பிடியுள்ள, சுமார் 300 மில்லிலிட்டர் கொள்ளும் வெண்ணிற அகப்பையைக் கொண்டு ஓரங்களிலும், படிக்கட்டின் கீழும், மிதக்கும் இலைகளின் அருகிலும் முகந்து பார்க்க வேண்டும். நிழல் பட்டால் புழுக்கள் ஆழத்தில் மறைந்துவிடும். ஆகையால் சூரியனை எதிர்நோக்கி அணுகுதல் நன்று. நீர்ப்பரப்புக்கு இணையாகக் கிடையாகப் படுத்திருப்பது அனோபிலிஸ். மூச்சுக்குழலை மேலே நீட்டித் தலைகீழாகச் சாய்ந்து தொங்குவது கியூலக்ஸ் அல்லது ஏடிஸ். இதைப் பள்ளிச் சிறுவரும் ஒரு கண்ணாடிக் குவளையில் கண்டு கொள்ளலாம்.

உரிமையாளர் குளோரின் இட விரும்பாத நிலையில் கம்பூசியா மீனை விடுவதுண்டு. இம்மீன் 1928ஆம் ஆண்டில் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்குக் கொணரப்பட்டது. குளோரின் நீரில் அது பிழைக்காது. குளோரின் முற்றிலும் நீங்கிய பின்னரே விட வேண்டும். வசந்தத்தில் குளத்தை வடிக்கும்போது மீன் ஓடைக்கோ ஏரிக்கோ தப்பிச் செல்லாமல் பிடித்துவிடுதலும் அவசியம். பேராசைக்காரனான இம்மீன் நாட்டு மீன்களின் குஞ்சுகளையும் தவளைக் குஞ்சுகளையும் தின்று தீர்க்கும். இந்தக் காரணத்தால் பல நாடுகளில் இப்போது இதனை விரும்புவதில்லை. 1976ஆம் ஆண்டில் நெகேவ் பாலைவனத்துக் குட்டை ஒன்றில் கண்டறியப்பட்ட பாசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் இஸ்ரயேலன்சிஸ் என்னும் நுண்ணுயிர், கொசுப் புழுவின் குடலில் மட்டுமே நஞ்சாக மாறுவதால், பூட்டிக் கிடக்கும் குளத்துக்கு அதுவே ஏற்றது.

மூடிய குளத்தின் மறைவான ஆபத்து

உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி 2021ஆம் ஆண்டில் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை. கோடையில் குளத்தருகே ஆள் நடமாட்டம் உண்டு. விழுந்தால் எவரேனும் காண்பர். குளிர்காலத்தில் அந்தக் காவலும் இல்லை. இலை மூடிய பச்சை நீர், சிறு குழந்தையின் கண்ணுக்குப் புல்தரையாகவே தோன்றும். 15 டிகிரிக்குக் கீழான நீரில் திடீரென விழுந்தவர் தம்மையறியாமல் ஆழ்ந்து மூச்சிழுக்கிறார். அந்த முதல் மூச்சிலேயே நீர் உட்சென்றால் நீந்தத் தெரிந்தவரும் தத்தளிப்பார்.

தார்ப்பாயை விரித்து நான்கு மூலையிலும் செங்கல் வைப்பது பாதுகாப்பு என்று எண்ணுவோர் பலர். உண்மையில் அது குழி மீது விரித்த ஓலை. தளர்ந்த பாயின் மீது கால் வைத்த குழந்தை பாயோடு உள்ளே அமிழும். மேலே மூடிய பாய் அதனை வெளியே தெரியாமல் மறைத்துவிடும். பாயின் மேல் தேங்கிய ஒரு சாண் மழைநீரே ஒரு குழந்தையின் உயிரைக் குடிக்கப் போதும். கொசுவுக்கும் அது தொட்டில். மூடி இடுவதானால் சுற்றிலும் தரையில் பதித்த கொக்கிகளில் இழுத்துக் கட்டிய, ஓர் ஆளின் எடையைத் தாங்கும் வலையே தகுந்தது. அதனினும் முதன்மையானது வேலி. 120 சென்டிமீட்டருக்குக் குறையாத உயரமும், கம்பிகளுக்கிடையே 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த இடைவெளியும், தானே மூடிக்கொண்டு தாழிடும் கதவும் அதற்கு வேண்டும். கதவு குளத்தின் பக்கம் திறவாமல் வெளிப்புறம் திறத்தல் நல்லது. திறந்து கிடப்பினும் உள்நோக்கித் தள்ளும் குழந்தை அதை மூடியே விடும்.

நீர் வடித்த குளத்திலும் ஆபத்து நீங்குவதில்லை. அங்கே விழுவது இரண்டு மீட்டர் ஆழத்து ஓட்டுத் தளத்தின் மேல்.

பம்பு அறையைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். பல வீடுகளில் அது தரைக்குக் கீழே, ஒரே வாயிலோடு அமைந்திருக்கிறது. பருவம் முடிந்ததும் மீந்த சலவைத்தூள் மூட்டையும், பி.எச். குறைக்க வாங்கிய அமிலக் கலனும் அங்கேயே அருகருகே வைக்கப்படுகின்றன. கலன் கசிந்து இரண்டும் கலந்தால் குளோரின் வாயு எழும். அது காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது. பள்ளத்தில் தேங்கி நிற்கும். பங்குனியில் முதன்முதலாகக் கதவைத் திறந்து இறங்கும் வேலையாளே அதற்கு இரையாவார். எனவே தூளையும் அமிலத்தையும் வெவ்வேறு அறைகளில், தரைமட்டத்துக்கு மேலே, ஈரம் படாமல் வைக்க வேண்டும். பலவகைக் குளோரின் மருந்துகளை ஒரே பாத்திரத்தில் கலப்பதும், ஒன்றை அளந்த கரண்டியால் மற்றொன்றை அளப்பதும் தீப்பற்றலுக்கும் வெடிப்புக்கும் இடம் தரும். நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறப்பவர், கதவை அகலத் திறந்து காற்றாட விட்டு, மூக்கில் நெடி ஏறாததை உறுதி செய்துகொண்ட பின்னரே, வெளியே மற்றொருவரை நிறுத்திவிட்டு உள்ளே இறங்க வேண்டும்.